கேட்டால் தருகிறார்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

என் அப்பாவுக்கு ரத்த அழுத்தம். வெளியூர் போனால் ஓட்டலில் இட்லிதான் கேட்பார். ஆனால் அதன்மேல் வாளியிலிருந்து ஊற்றும் சாம்பாரில் எவ்வளவு உப்பு? ஒரு நாளைக்கே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 10 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள உணவகங்கள் விலைப்பட்டியலில் கலோரி அளவைப் போட வேண்டும் என 2022 முதல் விதி இருக்கிறது. நாங்கள் சாப்பிடுவதோ சிறிய மெஸ்களில். அங்கே சாம்பாரைக் கிண்ணத்தில் தனியாகவும், தோசையை எண்ணெய் குறைத்தும், அப்பளத்துக்குப் பதில் இன்னொரு கரண்டி பொரியலும் கேட்கிறோம். பல இடங்களில் முகம் சுளிக்காமல் தருகிறார்கள். இதையே சுவரில் ஒரு வரி எழுதி வைத்தால், கேட்கக் கூச்சப்படுகிறவர்களும் கேட்பார்களே!

– ஒரு வாசகி, திண்டுக்கல்