நாலே முக்கால் வேன்

கிருஷ்ணகிரி
ஞாயிறு மாலை

அன்புள்ள சித்ரா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மாங்காய் சீசன், வீட்டில் ஓயாமல் ஆள் நடமாட்டம், இன்றுதான் உட்கார முடிந்தது. மறுபடி வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டிருந்தாய். போ. ஆனால் முதலில் என் தங்கைக்கு நடந்ததைக் கேள்.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஆறு வருடம் இருந்தாள். முதல் ஷிப்ட் என்றால் நாலே முக்காலுக்கு ரோட்டு முனையில் வேன் வந்து நிற்கும். டிரைவர் போன் அடித்ததும் பாப்பா விழித்துக்கொண்டு அவள் துப்பட்டா முனையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், அம்மா ஒவ்வொரு விரலாகப் பிரித்து விடுவார், இவள் திரும்பிப் பார்க்காமல் ஓடுவாள். ஒரு வருடத்துக்கு மட்டும் ஜெனரல் ஷிப்ட் போடுங்கள் என்றுதான் கேட்டாள். ஒருத்திக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்று சொல்லிவிட்டார்கள். தை மாதம் நின்றுவிட்டாள்.

இப்போது வீட்டில் ஜாக்கெட் தைக்கிறாள். நேரம் அவள் கையில்தான், ஆனால் பிஎஃப் இல்லை, இஎஸ்ஐ இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை சித்ரா. 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம், தாய் நாளுக்கு நாலு முறை போய்ப் பார்க்கலாம். எல்லாம் நல்லதுதான். ஆனால் 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் காப்பகத்துக்கு அந்த இருட்டு வேனில் கைக்குழந்தையை எப்படித் தூக்கிப் போவது? வீட்டிலிருந்து வேலை என்பதும் மெஷின் முன்னால் நிற்கிறவளுக்கு ஆகாது. அவளுக்கு வேண்டியது ஷிப்டை மாற்றிக் கேட்கும் உரிமை.

2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்குச் சட்டசபையில் மசோதா நிறைவேறியதே, ஞாபகம் இருக்கிறதா? அதையும் நெகிழ்வான வேலை நேரம் என்றுதான் சொன்னார்கள். எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். நேரத்தை வளைப்பது யார் கை என்று பார்க்காமல் அந்த வார்த்தையை நான் இனி நம்பமாட்டேன்.

அதனால் தருமபுரியில் நீ பேசப்போகிற இடத்தில் சம்பளத்துக்கு முன்னால் இதைக் கேள்: ஷிப்ட் பட்டியல் எத்தனை நாள் முன்னால் தருவார்கள், அவசரத்துக்கு மாற்றிக்கொள்ள யாரிடம் சொல்ல வேண்டும். மழுப்பினால் அங்கே வேண்டாம்.

சரி, பாப்பா துணி வெட்டும் கத்தரிக்கோலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. பேசி முடித்ததும் உடனே எழுது.

அன்புடன்,
மல்லிகா