இரவுச் சமையலும் மாதக் கணக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணவன், மனைவி இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகளில் இரவுச் சாப்பாட்டைச் செயலி வழியாக வரவழைப்பது வழக்கமாகிவிட்டது. கடந்த ஆண்டு வரை எங்கள் வீட்டிலும் வாரத்தில் நான்கு இரவுகள் பரோட்டாவோ ஃபிரைடு ரைஸோதான். என் கணவருக்கு இரத்த அழுத்தம் கூடியிருப்பதைக் கண்ட மருத்துவர், மாத்திரை எழுதுவதற்கு முன் இரவில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்றுதான் கேட்டார். அன்றே கணக்கு நோட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். டெலிவரி, பேக்கிங், வரி எல்லாம் சேர்த்து நான்கு பேருக்கு ஒரு வேளைக்கு ஏறக்குறைய 600 ரூபாய். மாதத்துக்குப் பத்தாயிரத்தைத் தொட்டது. எங்கள் மளிகைச் செலவைவிட அது அதிகம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு கிலோ இட்லி அரிசி, 200 கிராம் உளுந்து, ஒரு கரண்டி வெந்தயம் போட்டு மாவாட்டி வைத்துவிடுகிறோம். நூறு ரூபாய்க்குள் முடிகிற அந்த மாவு நான்கு பேருக்கு இரண்டு இரவுகளுக்குத் தாராளமாக வருகிறது. அரிசி அட்டை உள்ளவர்களுக்கு நியாய விலைக் கடையில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. அரிசி 2011 ஜூன் முதல் விலையில்லாமலே வழங்கப்படுகிறது. தென்னூர் உழவர் சந்தையில் வாங்கும் கீரையையும் சுரைக்காயையும் சேர்த்துக்கொண்டால், ஒரு இரவுச் சாப்பாட்டுக்கு 150 ரூபாய்க்கு மேல் ஆவதில்லை.

உடல்நலத்தைப் பொறுத்தவரை எனக்குப் பெரிதாகத் தெரிவது உப்பும் எண்ணெயும்தான். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி அளவு. நம் வீட்டுக் குழம்பில் அதை நாமே அளந்து போடலாம், மெல்ல மெல்லக் குறைக்கலாம். பொட்டலத்தில் வரும் சால்னாவில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய்க்கு 2018 ஜூலை முதல் சட்டப்படி வரம்பு இருக்கிறது என்றாலும், வாணலியில் கொதிப்பது எத்தனையாவது முறை என்பதைச் சாப்பிடுகிறவர் பார்க்க முடிவதில்லை.

வீட்டுச் சாப்பாடு நல்லது என்பதை யாரும் மறுக்கவில்லை. வேலை முடிந்து ஏழு மணிக்கு வீடு திரும்பும் பெண் ஒருத்தியின் தலையிலேயே அது முழுவதும் விழுவதால்தான், பல வீடுகளில் பத்து நாளில் நின்றுபோகிறது. எங்கள் வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகன் சின்ன வெங்காயம் உரிக்கிறான். துவையல் அரைப்பதும் பாத்திரம் கழுவுவதும் கணவர் பொறுப்பு. முருங்கைக்கீரையை இரவே துணியில் சுற்றி வைத்தால் காலையில் இலைகள் தாமாக உதிர்ந்துவிடும் என்று மாமியார் சொல்லிக்கொடுத்ததை, இப்போது மகள்தான் மறக்காமல் செய்கிறாள். தானே ஆய்ந்த கீரையை அவள் ஒதுக்கி வைப்பதில்லை என்பது நான் எதிர்பாராத பலன்.

இரண்டு வேண்டுகோள்கள். உழவர் சந்தை வியாபாரம் பெரும்பாலும் காலையிலேயே முடிந்துவிடுவதால், வேலைக்குச் செல்கிறவர்களுக்காக வாரத்தில் இரண்டு நாளாவது மாலையிலும் நடத்த அதிகாரிகள் ஆவன செய்ய வேண்டும். தங்கள் நாளிதழும் சமையல் குறிப்புகளை வெளியிடும்போது, நான்கு பேருக்கான அளவையும் அன்றைய சந்தை விலையில் ஆகும் செலவையும் உடன் அச்சிட்டால், மாதக் கடைசியில் கையைக் கடிக்கும் குடும்பங்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு வாசகி,
தென்னூர், திருச்சிராப்பள்ளி.