நாலாவது கிளிப்

வேலூர்

பாப்பாவுக்கு,

பேட்டரி இறங்கிப்போன காரை இன்னொரு வண்டியின் பேட்டரியோடு கேபிளால் இணைத்து ஸ்டார்ட் செய்வதைப் பற்றி நேற்று போனில் அவசரத்தில் சொன்னது உனக்கு நினைவில் நின்றிருக்காது. எழுதியே அனுப்புகிறேன், வண்டியில் வைத்துக்கொள்.

காட்பாடி ஸ்டேஷனில் பத்து நாள் நிறுத்திய காரில் சாவியைத் திருப்பும்போது ‘டக்டக்டக்’ என்று வரிசையாகச் சத்தம் வந்தால் பேட்டரி டவுன். ஒரே ஒரு ‘டக்’, போர்டு விளக்கெல்லாம் பளிச்சென்று எரிகிறது என்றால் பேட்டரிமேல் பழி போடாதே, ஸ்டார்ட்டர் மோட்டாரைத்தான் பார்க்கவேண்டும். முதலில் பானட்டைத் திறந்து, பேட்டரி டெர்மினலில், அதாவது அதன் பிளஸ், மைனஸ் முனைகளில், மாட்டியிருக்கும் ஒயரைக் கையால் ஆட்டிப் பார். லூசாக இருந்து, பத்தாம் நம்பர் ஸ்பேனரில் ஒரு திருகிலேயே வேலை முடிவதும் உண்டு. பேட்டரி உப்பியோ வெடித்தோ இருந்தால், அமிலம் கசிந்திருந்தால், கேபிளைத் தொடவே தொடாதே. உன்னுடையது கிளட்ச் இல்லாமல் தானே கியர் மாற்றும் ஏஎம்டி வண்டி, அதைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது. பார்க்கிங் பையன்கள் ஆசையாக வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடு.

கேபிள் வாங்கும்போது ரப்பரின் தடிமனைப் பார்த்து ஏமாறாதே. உள்ளே செம்பு 16 சதுர மில்லிமீட்டராவது இருக்கவேண்டும், டீசல் வண்டிக்கு 25. மலிவுக் கேபிளில் உள்ளே நூல் மாதிரி அலுமினியம்தான். ஒயர் கொதிக்கும், செல்ஃப் எடுக்காது.

உதவிக்கு வரும் வண்டி 12 வோல்ட்டாக இருக்கவேண்டும். ஹைவேயில் முதலில் நிற்பவர் லாரிக்காரராகத்தான் இருப்பார். நல்ல மனசு, ஆனால் லாரியில் 24 வோல்ட். உன் காரின் கம்ப்யூட்டரே போய்விடும். குட்டியானை என்றால் சரி, அது 12 வோல்ட்தான்.

இரண்டு வண்டியும் ஒன்றையொன்று தொடக்கூடாது. இரண்டிலும் இஞ்சின், ஏசி, லைட் எல்லாம் ஆஃப். ஹேண்ட்பிரேக் போட்டு நியூட்ரல். முதல் சிவப்பு கிளிப் உன் பேட்டரியின் பிளஸில். அதன் மறுமுனை அந்த வண்டியின் பிளஸில். பிறகு கருப்பு, அந்த வண்டியின் மைனஸில்.

நாலாவது கிளிப்பில்தான் எல்லோரும் தப்புப் பண்ணுகிறார்கள். உன் பேட்டரியின் மைனஸில் மாட்டாதே. பேட்டரியிலிருந்து முடிந்தவரை தள்ளி, இஞ்சினில் பெயிண்ட் படாத ஒரு போல்ட்டைக் கவ்வ விடு. சர்க்யூட் முழுமையாவது அந்தக் கடைசிக் கிளிப்பில்தான், சின்னதாக ஒரு பொறி பறக்கும். பேட்டரி ஓரத்தில் ஹைட்ரஜன் வாயு நிற்கும். இரண்டும் சேர்ந்தால் பேட்டரி வெடித்து அமிலம் முகத்தில் அடிக்கும். பெயிண்ட்மேல் மாட்டினால் கரண்ட் பாயாது, ‘கேபிள் சரியில்லை’ என்று வீணாகத் திட்டிக்கொண்டிருப்பாய்.

அந்த வண்டியை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிடச் சொல். பிறகு பிரேக்கை மிதித்துக்கொண்டு செல்ஃப் அடி, ஒரு தடவைக்கு ஐந்து விநாடிக்கு மேல் வேண்டாம். எடுக்கவில்லையா, ஒரு நிமிடம் விட்டு மறுபடி. நாலு தடவையிலும் மசியாவிட்டால் நிறுத்திவிடு, சிக்கல் வேறெங்கோ. ஸ்டார்ட் ஆனதும் மாட்டியதற்கு நேர் தலைகீழாகக் கழற்று, இஞ்சினில் மாட்டிய கருப்புதான் முதலில் வரவேண்டும். கழற்றிய கிளிப்புகள் ஒன்றோடொன்று உரசக்கூடாது.

காட்பாடியிலிருந்து சத்துவாச்சாரி வருவதற்குள் சார்ஜ் ஏறிவிடாது. ஏசி போடாமல் வாலாஜாபேட்டை வரை ஒரு நடை போய் வா. அப்புறம் கடையில் மீட்டர் வைக்கச் சொல். இஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டிக் காட்டவேண்டும், காட்டாவிட்டால் கோளாறு பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரில். அணைத்துச் சில மணி நேரம் கழித்து 12.6 இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12-க்குக் கீழே போனால் ராத்திரி முழுக்க சார்ஜரில் போடச் சொல். வெயிலூரில் பேட்டரி மூன்று நாலு வருடம் தாங்கினாலே பெரிது.

டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால் சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்துப் பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவு, காய்ந்ததும் வாசலின் தடவு.

அந்த டேஷ்கேமை வண்டி அணைத்தாலும் ஓடும்படி இணைத்திருக்கிறாய் அல்லவா? பேட்டரியைக் காலி செய்வது அந்தக் கேமராதான் என்று என் சந்தேகம். ரயில் ஏறும்முன் அதைப் பிடுங்கிவிட்டுப் போ.

அன்புடன்,
அப்பா