டிஸ்கார்ட் பட்டன் எங்கே இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் கணினிப் பக்கத்தில், நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) பாவிக்கிறவர்களுக்கான வரைகலைச் செயலிகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நிறம், வடிவம், கிளைகள் கோடு கோடாகத் தெரிவது எல்லாம் இருந்தது. பிழையாக ஒன்றை அழுத்திவிட்டால் என்ன நடக்கும் என்பது மட்டும் இல்லை. கிளிநொச்சியில் பிள்ளைகளுக்கு நிரலாக்கம் படிப்பிக்கிற எனக்கு முதல் கேள்வியே அதுதான்.

மாசி மாதம் என் மாணவர்கள் மூன்று பேர் பரந்தனில் ஒரு அரிசி ஆலைக்கு நெல் கொள்வனவுக் கணக்கு எழுதினார்கள். ஈரப்பதம் 14 சதவீதத்தைத் தாண்டினால் விலையைக் குறைக்கும் பகுதியை ஒருவன் இரண்டு நாளாக எழுதி, கொமிட் செய்யாமல், அதாவது கிட்டில் பதியாமல், வைத்திருந்தான். எடிட்டரின் ஓரத்தில் வளைந்த அம்புக்குறி ஒன்று. அன்டூ என்று நினைத்து அழுத்தினான். அது டிஸ்கார்ட், பதியாத மாற்றங்களை அழித்துவிடும் பட்டன். உறுதியா என்று கேட்டதற்கும் வாசிக்காமலே ஓம் போட்டான். ஒருமுறைகூடக் கிட்டிடம் கொடுக்காததைக் கிட் எங்கேயிருந்து திருப்பித் தரும்? அன்றிரவே இருந்து திரும்ப எழுதினான், பாவம்.

கிட்ஹப் டெஸ்க்டொப் என்ற செயலியில் இது நடந்திருந்தால் கோப்பு ரீசைக்கிள் பின்னில் கிடந்திருக்கும். அதற்காகவே புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதைச் சொல்வேன். ஆனால் அது விண்டோஸுக்கும் மக்குக்கும்தான் உத்தியோகபூர்வமாக வருகிறது. எங்களிடம் இருக்கிற பழைய 4 ஜிபி லப்டொப்புகளில் பாதி லினக்ஸ் வகையான உபுண்டுவில் ஓடுகிறது. அவற்றில் கிட் குயி (Git GUI) என்ற செயலிதான். பார்க்கப் பழைய சாமான் மாதிரி இருக்கும், ஆனால் பாரமில்லை. மாற்றிய வரியில் வலது கிளிக் செய்து அந்த ஒரு வரியை மட்டும் கொமிட்டுக்கு எடுக்கலாம். எதை மாற்றினோம் என்று பிள்ளைகள் கடைசியாக ஒருதரம் வாசிப்பது அப்போதுதான். நீங்கள் புகழ்ந்த கிட்கிராக்கன் வடிவுதான். ஆனால் கிட்ஹப் தளத்தில் மற்றவர்கள் பார்க்க முடியாதபடி பூட்டி வைத்த நிரல் களஞ்சியத்துக்குக் காசு கேட்கும்.

நெட் இல்லாவிட்டால் கிட் உதவாது என்று எழுதியதும் சரியில்லை. கொமிட் எங்கள் டிஸ்க்கிலேயே நடக்கிறது. அதைத் தளத்துக்கு அனுப்பும் புஷ்ஷுக்கும், அங்கே இருப்பதை எடுக்கும் புல்லுக்கும்தான் சிக்னல் வேண்டும். மாங்குளத்துக்கு அங்கால் இருந்து வரும் பிள்ளை இரவில் கொமிட் செய்துவிட்டு, காலையில் டவுனுக்கு வந்து புஷ் பண்ணுகிறாள். வேலை தொடங்க முதல் ஒரு புல். ஏ9 வீதியில் போகிற பஸ் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நிற்காமல் போகாதது மாதிரி என்று சொல்லித்தான் பழக்கினேன்.

அடுத்தமுறை ஒவ்வொரு செயலியிலும் டிஸ்கார்ட் பட்டன் எங்கே இருக்கிறது என்று படம் போடுங்கள். வெட்டி வகுப்புச் சுவரில் ஒட்டுவேன்.

கணினி ஆசிரியை,
கிளிநொச்சி.