கோயில் தெரியவில்லை மச்சான்

மஸ்கெலியா
ஞாயிறு பின்னேரம்

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. நாலு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் முழங்கால் வலி. மிச்சத்தில் ஒரே ஒரு கேள்வி: “அணைக்குள்ள கெமரா இறக்குனாங்களாமே, பழைய கோயில் தெரிஞ்சுதா?”

தெரியவில்லை. 1969இல் மவுஸாகலை அணைக்காகப் பழைய டவுனே முங்கிப்போனது. உன் அப்பாயி சொன்ன கதையெல்லாம் அதற்குள்தான் கிடக்கிறது. ஆனால் பொடியன்கள் தேடியது கோயிலை இல்லை, சேற்றை.

வந்தது என் தங்கச்சி மகனும் அவனோடு கெம்பஸில் படிக்கிறவர்களும். நான் வள்ளத்தில் கயிறு பிடிக்கப் போனேன். முதல் நாள் சாதாரண கெமராவை இறக்கினார்கள். முந்தின இரவு நல்ல மழை. திரை முழுக்கப் பால் தேத்தண்ணி. அரை நாள் வீண்.

மறுநாள் கொண்டுவந்ததுதான் சாமான். கோடாலி வாய் மாதிரி அடி கூரான கண்ணாடிப் பெட்டி. உள்ளே சுத்தமான தண்ணீர், சரிவாக ஒரு முகம் பார்க்கிற கண்ணாடி, மேலே குனிந்து பார்க்கிற கெமரா. பாரத்தோடு இறக்கினால் மெதுவாகச் சேற்றைக் கிழித்துக்கொண்டு போகும். சேறு கண்ணாடியோடு ஒட்டி நிற்பதால் கலங்கலுக்கு அங்கே வேலையில்லை. கேக்கை வெட்டிப் பக்கவாட்டில் பார்க்கிற மாதிரிப் படம் வரும். கடலடியைப் பார்ப்பதற்காக ரோட்ஸ், காண்டே என்ற இரண்டு பேர் 1971இலேயே இந்தக் கெமராவைப் பற்றி எழுதிவிட்டார்களாம். சேற்றை வாளியில் அள்ளினால் அடுக்கெல்லாம் குழைந்துபோகும், இதில் கிடந்தது கிடந்தபடி.

முதல் படத்தில் மேலே ஒரு பழுப்புக் கோடு, என் சுண்டுவிரல் தடிப்புக்கூட இல்லை. ஒட்சிசன் பட்ட மண் அவ்வளவுதான். அதற்குக் கீழே கரிச்சட்டிக் கறுப்பு; இரும்பும் கந்தகமும் சேர்ந்த நிறம். அந்தக் கறுப்புக்குள் ஓரிடத்தில் பழுப்பு, நாக்கு நீட்டின மாதிரி இறங்கியிருந்தது. நுனியில் சிவப்பு நூல் ஒன்று. நுளம்பு மாதிரியே இருக்கும், ஆனால் கடிக்காத ஒரு பூச்சியின் புழு. நமக்கு இருக்கிற மாதிரி அதற்கும் ஈமோகுளோபின். வளைக்குள் உடம்பை ஆட்டி ஆட்டி மேல் தண்ணீரை உள்ளே இழுக்கிறது. “அது மூச்சு விட்ட அடையாளம் மாமா” என்றான் பொடியன். நான் கோயிலை மறந்துவிட்டேன்.

ஓயா ஆறு வந்து விழுகிற பக்கம் எடுத்த படத்தில் கறுப்பும் இல்லை, புழுவும் இல்லை. வரி வரியாகச் செம்மண் மட்டும். மழைக்கு மழை புதுமண் வந்து மூடினால் எந்தப் புழு வளை தோண்டும்? அணையில் மண் நிறைந்தால் கரண்டுக்குத் தண்ணி குறையும் என்றுதான் எல்லாரும் கவலைப்படுகிறார்கள். நான் பார்த்தது நம்ம மேல்மலையை. கொழுந்து கொறைஞ்சு போச்சு என்று தேயிலைத் தோட்டத்தில் புலம்புகிறோமே, மலையின் மேல்மண் இங்கே வந்து படுத்திருக்கிறது.

படத்தைத் தங்கச்சியிடம் காட்டினேன். “இதுக்கா ரெண்டு நாள் வேலைக்குப் போகல?” என்றாள்.

மார்ச்சில் தண்ணி நல்லா இறங்கினால் கோயில் தானாகவே வெளியே வரும். முழங்கால் சம்மதித்தால் வந்து சேர். புதுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வராதே.

உன் பழைய கூட்டாளி