படத்தில் இல்லாதவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி என்று ஒரே கடற்கரையில் 20 கிலோமீட்டருக்குள் இருக்கிற வழிபாட்டிடங்களைப் பற்றிய எங்கள் புகைப்படக் கண்காட்சி போன ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்தது. படங்களைச் சுவரிலிருந்து இறக்கி, பழைய போர்வைகளில் சுற்றி, வண்டியில் ஏற்றி வீட்டில் கொண்டுவந்து சேர்த்த கையோடு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். திறப்பு நாளன்று மேடையில் ஐந்து நிமிடம் கொடுத்தார்கள், அதில் சொல்லாமல் விட்டவர்கள்தான் அதிகம். இங்கே பெயர் போடவில்லை, பலர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். படித்தால் அவரவருக்குத் தெரியும்.

முதலில் நாகூர் தர்காவில் இருக்கும் அந்தப் பெரியவருக்கு. முதல் நாள் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய் நின்றவனை, "உட்காருங்க தம்பி, புறாவெல்லாம் உங்களப் பழகட்டும்" என்று உட்கார வைத்தார். மூன்று நாள் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். ஐந்து மினாராக்களையும் எப்படி எடுப்பது, தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்த 131 அடி மினாராவை எந்த வெளிச்சத்தில் எடுப்பது என்பதுதான் அப்போது என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. "மினாரா எங்கயும் போயிடாது, குளத்துப் பக்கம் போய்ப் பாருங்க" என்றார் அவர். அங்கேதான் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய தலையோடு ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. அப்புறம் அதே மொட்டையும் அதே சந்தனமும் அதே அழுகையும் வேளாங்கண்ணியில் கிடைத்தது, நீலாயதாட்சி அம்மன் கோயில் வாசலிலும் கிடைத்தது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில், எந்த ஊர் என்று எழுதாமல் மாட்டினோம். அதிகம் பேர் நின்று பார்த்தது அந்தச் சுவரைத்தான். பிள்ளைகளைப் படமெடுக்க விட்ட மூன்று தாய்மார்களுக்கும், கத்தியை நிறுத்தி எனக்காக ஒரு நிமிடம் காத்திருந்த நாவிதர் அண்ணனுக்கும் நன்றி.

கண், கை, கால், வீடு என்று உருவம் அடித்த காணிக்கைத் தகடுகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க இரவல் கொடுத்த கடைக்கார அம்மாவை மறக்கவே முடியாது. வாடகை பேசப் போனபோது கோபித்துக்கொண்டார். "கண்ணு வலின்னு வர்றவங்க எந்தச் சாமிக்குன்னு சொல்லியா வாங்குறாங்க?" என்று அவர் கேட்டதைத்தான் பெட்டிக்குக் கீழே எழுதி வைத்தோம்.

நாகை மீனவர் அண்ணன்களுக்கு நான் பட்ட கடன் பெரியது. ஆவணி ஆயில்யத்தன்று அதிபத்த நாயனாருக்காகத் தங்க மீன் விடும் விழா நடக்கும். வலையில் விழும் முதல் மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டு வந்தவர் அவர், ஒரு நாள் தங்க மீன் ஒன்றே ஒன்று மாட்டியபோது அதையும் விட்டுவிட்டார் என்பது வரலாறு. கரையில் நின்று எடுத்தால் கூட்டத்தின் முதுகுதான் கிடைக்கும் என்று என்னைப் படகில் ஏற்றிக்கொண்டீர்கள். அலை அடித்தபோது ஒரு கையில் என் சட்டையையும் இன்னொரு கையில் கேமராப் பையையும் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றாரே ஒருவர், அந்தப் படம் அவருடையது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

மாதா கோயிலுக்குக் காவி உடுத்தி நடந்த குழுவில் என்னைச் சேர்த்துக்கொண்டு இரண்டு நாள் சோறு போட்ட அக்காமார்களுக்கும் நன்றி. செப்டம்பர் 8 திருவிழா முடிந்தும் போன் செய்து, ஊர் போய்ச் சேர்ந்தாயா என்று விசாரித்தீர்கள்.

இந்த வேலைக்கு விதை விழுந்தது எழும்பூர் அருங்காட்சியகத்தில், நாகப்பட்டினத்துப் புத்தர் படிமங்களின் முன்னால். ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரைத் தானமாகக் கொடுத்த சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடம் இருந்த ஊர் எங்கள் ஊர். அங்கே மிஞ்சி நின்ற பழைய கோபுரத்தையும் 1867இல் இடித்துவிட்டார்கள். இன்று போய்ப் பார்த்தால் படமெடுக்க ஒன்றும் இல்லை. இல்லாத இடத்தையும் ஒரு படமாக வைக்கலாம் என்று என்னோடு இரவெல்லாம் வாதாடி ஒப்புக்கொள்ள வைத்த நண்பனுக்கு, நீ சொன்னது சரிதான்.

பிரிண்ட் வேலையில் ஒரு கண்டம் வந்தது. முதலில் கொடுத்த இடத்தில் மெழுகுவத்தி வெளிச்சமெல்லாம் பச்சையாக வந்து நின்றது. திறப்புக்கு நான்கு நாள் இருக்கும்போது மறுபடி மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு, தூங்காமல் அச்சடித்துத் தந்த தம்பிகளுக்குக் கோடி நன்றி.

இனி எழுதக் கஷ்டமான பகுதி. ஒவ்வொரு டிசம்பர் 26ஆம் தேதியும் எங்கள் கரையில் கடலுக்குப் பால் ஊற்றுவார்கள். 2004 சுனாமியில் எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அந்தக் கரையும் கும்பிடும் இடம்தான் என்று நினைத்து, பால் சொம்போடு நின்ற ஒரு அம்மாவை அவர் சம்மதத்தோடு எடுத்திருந்தேன். திறப்புக்கு முந்தின நாள் மாலை அவரிடமிருந்து போன் வந்தது. "ஊரே பாக்குற எடத்துல வேணாம்ப்பா. அது எனக்கும் என் புள்ளைக்கும் உள்ளது." அச்சிட்ட கையேட்டில் அந்தப் படம் இருந்தது, சுவரிலும் மாட்டியாகிவிட்டது. கண்காட்சி நடந்த அருங்காட்சியகத்தின் பொறுப்பாளரிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஏணி கொண்டுவரச் சொன்னார். ஊழியர்கள் ஐந்து பேர் இரவு பதினொரு மணி வரை இருந்து கையேடுகளில் அந்தப் பக்கத்தைக் கத்தரித்தார்கள், மற்ற படங்களை நகர்த்தி இடைவெளி தெரியாமல் மாட்டினார்கள். எனக்கு எத்தனையோ பேர் உதவியிருக்கிறார்கள், அந்த ராத்திரி நீங்கள் செய்தது வேறு. அம்மா, அந்தப் படத்தின் பிரதியும் மூலமும் இப்போது என்னிடம் இல்லை. முதலில் சம்மதித்ததற்கும் பிறகு வேண்டாம் என்று சொன்னதற்கும் சேர்த்து உங்களுக்கு நன்றி.

படத்தில் இருக்கிற எல்லோருக்கும் ஆளுக்கொரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். வரும் வியாழக்கிழமை சாயங்காலம் நாகூரில், அந்தப் புறாக்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். வெள்ளி காலை நாகை மீன்பிடித் துறைமுகம், மதியத்துக்கு மேல் வேளாங்கண்ணி. வர முடியாதவர்கள் சொல்லி அனுப்புங்கள், வீட்டுக்கே கொண்டுவருகிறேன்.