பூட்டிக் கிடக்கும் மண்டபங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள எங்கள் ஊரான பெஸ்தாரி ஜெயாவில் (2007ஆம் ஆண்டில் பெயர் மாறிய பின்னும் எங்களில் பலருக்கு அது பத்தாங் பெர்ஜுந்தைதான்) ஒரு சிறிய தமிழ்த் தேவாலயத்தின் மாதர் சங்கம் வியாழக்கிழமைதோறும் நடத்திவரும் கூடுகையைப் பற்றியும், அதைப் பார்த்து எனக்குள் எழுந்த ஒரு வேண்டுகோளைப் பற்றியும், உங்கள் நாளிதழின் வழியாகக் கோயில் நிர்வாகத்தினரிடம் சொல்ல விரும்புகிறேன். நான் அத்தேவாலயத்தைச் சேர்ந்தவள் அல்லேன். சிறுவயது முதல் மாரியம்மனுக்கு விளக்கேற்றி வருகிறவள். தமிழ்ப்பள்ளிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள், “டீச்சர், வீட்டில் தனியாக உட்கார்ந்து என்ன செய்யப் போகிறீர்கள்? ஒயர் கூடை போடத் தெரியும்தானே, வாருங்கள்” என்று அழைத்தார். போனேன். மூன்று ஆண்டுகளாகப் போய்க்கொண்டிருக்கிறேன்.

ஆலயத்தின் பின்புறம் தகரக் கூரை போட்ட ஒரு கூடம் இருக்கிறது. இரண்டு நீள மேசைகள், ஒரு மின்விசிறி, மிதித்துத் தைக்கும் பழைய தையல் இயந்திரம் ஒன்று, அவ்வளவுதான். காலை பத்து மணிக்கு மேல் ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். சிலர் பண்டிகைத் தையலில் மிஞ்சிய துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைப்பார்கள். சிலர் குரோஷே ஊசியால் மேசை விரிப்புப் பின்னுவார்கள். பெரும்பாலோர் கையில் ஒயர் கூடைதான். நெல்லிக்காய் முடிச்சு அங்கு எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சிவன் கண் என்ற முடிச்சு எனக்கு மட்டுமே தெரியும் என்பதால், சிலுவை மாட்டிய சுவரின்கீழ் உட்கார்ந்து கிறிஸ்தவப் பெண்களுக்குச் சிவன் கண் சொல்லிக்கொடுக்கும் பேறு எனக்கு வாய்த்தது. பெயரைக் கேட்டுப் போதகரின் மனைவி வாய்விட்டுச் சிரித்தார். அடுத்த வாரம் அவருடைய கூடைதான் எல்லாவற்றிலும் ஒழுங்காக இருந்தது.

கூடை போட்டுப் பழகியவர்களுக்குத் தெரியும், அடிப்பாகத்தில் ஒரு முடிச்சு கணக்குத் தவறினாலும் பக்கங்கள் எழும்பும்போது கோணிக்கொள்ளும், அதன் பிறகு அவிழ்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அப்படி அவிழ்க்க நேரும்போது இன்னொருத்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்து உதவுவாள். மருமகள் முகம் கொடுத்துப் பேசாதது, மருத்துவமனையில் சர்க்கரை அளவு ஏறியிருப்பதாகச் சொன்னது, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் ஐந்து மாதமாகத் தொலைபேசியில்கூட அழைக்காதது எல்லாம் அந்த அரைமணி நேரத்தில்தான் வெளியே வரும். இருவர் கண்ணும் முடிச்சில் இருப்பதால் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய கூச்சம் இல்லை. கைவேலை எதற்கு என்று என்னைக் கேட்டால், இதற்குத்தான் என்பேன். கூடைகளை விற்று வரும் பணம் ஒயருக்கும் நூலுக்குமே சரியாகப் போய்விடுகிறது.

பகல் உணவுக்குச் சோறு மட்டும் அங்கே வேகும். குழம்பும் கூட்டும் அவரவர் வீட்டிலிருந்து வரும். யார் கருவாட்டுக் குழம்பு கொண்டுவரும் முறை என்பதை எல்லாரும் முந்தின வாரமே கேட்டு வைத்துக்கொள்வோம். என்னைப் போன்ற நான்கைந்து பேர் வரத் தொடங்கியதிலிருந்து அந்த மேசைக்கு மாட்டிறைச்சி வருவதில்லை. புரட்டாசி மாதம் முழுவதும் சைவம்தான். இதற்காக யாரும் கூட்டம் கூட்டித் தீர்மானம் போடவில்லை.

இந்த இடத்தில் வாசகர்கள் சிலர் மதமாற்றம் என்ற சொல்லை எடுப்பார்கள் என்பதை அறிவேன். அங்கே தொடக்கத்தில் ஒரு பாட்டுப் பாடுகிறார்கள், சாப்பிடும் முன் ஜெபம் செய்கிறார்கள். அந்த நேரத்தில் நான் பேசாமல் உட்கார்ந்திருக்கிறேன். என் நெற்றித் திருநீற்றைப் பற்றி இந்நாள்வரை ஒருவரும் ஒரு சொல் சொன்னதில்லை. அப்படியும் நம் பெண்கள் அங்கே போவது யாருக்காவது உறுத்தலாக இருக்குமானால், போவதற்கு வேறோர் இடத்தை நாம் ஏன் வைத்திருக்கவில்லை என்பதையும் அவர்கள் யோசிக்க வேண்டும்.

ஒரு காலத்தில் அத்தகைய இடங்கள் நமக்கு இருந்தன. ரப்பர் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வளர்ந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) போகும் வழியிலும், பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விடும்போதும், ரப்பர் பாலை நிறுக்கக் காத்திருக்கும்போதும், மாலையில் பொதுக் குழாயடியிலும் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தே ஆக வேண்டியிருந்தது. அந்த வாழ்க்கையை நான் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். குழாயடியில் நடந்த சண்டைகளை என் அம்மா கதை கதையாகச் சொல்லியிருக்கிறார், கள்ளுக்கடையிலிருந்து கணவன் திரும்பும் நேரத்தை நினைத்து நடுங்கிய பெண்களையும் நானே பார்த்திருக்கிறேன். இருந்தாலும் ஒருத்தி இரண்டு நாள் கண்ணில் படாவிட்டால் மூன்றாம் நாள் யாராவது அவள் கதவைத் தட்டினார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் காலியாகி, நாம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு வந்தபோது தண்ணீர் வீட்டுக்குள்ளேயே வந்தது. கூடவே இரும்புக் கதவும் பூட்டும் வந்தன. பிள்ளைகள் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்ட வீடுகளில், பகல் முழுவதும் தொலைக்காட்சித் தொடரைத் தவிர வேறு மனிதக் குரல் கேட்காத பெண்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

கிறிஸ்தவப் பெண்களுக்குக் கைவேலையும் கூடுகையும் சேர்ந்து வருவதற்கு நெடிய வரலாறு உண்டு. லண்டன் மிஷன் சங்கத்துப் போதகர் சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தாவும் 1819ஆம் ஆண்டின் இறுதியில் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். அங்கே மார்த்தா நடத்திய பெண்கள் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைகளாக இருந்த குடும்பத்துப் பெண்கள் அந்த வருமானத்தைக் கொண்டு தங்கள் விடுதலையை வாங்கினார்கள். கால்டுவெல்லின் பெயரை அறியாத தமிழாசிரியர் இல்லை. ஆனால் மார்த்தாவின் மகளான எலைசா 1844இல் அவரை மணந்து திருநெல்வேலிப் பக்கத்து இடையன்குடிக்குப் போய், அங்கிருந்த பெண்களுக்கும் லேஸ் வேலையைக் கொண்டுசென்றார் என்பதை, அத்தனை ஆண்டுகள் தமிழ் கற்பித்த நானே இந்த மேசையில்தான் தெரிந்துகொண்டேன். சொன்னவர், இடையன்குடிப் பக்கத்திலிருந்து மலாயாவுக்கு வந்த குடும்பத்தைச் சேர்ந்த, எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி. அவருடைய விரல்கள் இப்போது மடங்குவதில்லை. பின்னுவதில்லை, ஆனாலும் வருகிறார். மற்றவர்கள் விடும் பிழைகளை எண்ணுவதே தன் வேலை என்கிறார்.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். இல்லத்தரசிகளுக்கான சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பாதுகாப்புத் திட்டம் 2022 டிசம்பர் 1ஆம் நாள் நடப்புக்கு வந்தது. 55 வயதுக்கு உட்பட்ட பெண்கள் ஆண்டுக்கு 120 வெள்ளி (ரிங்கிட்) கட்டினால், வீட்டு வேலையின்போது நேரும் விபத்துக்கும் நிரந்தர இயலாமைக்கும் உதவி உண்டு. செய்தி நாளிதழ்களில் வந்ததுதான். எனினும் எங்கள் மேசையில் இருந்த இளைய பெண்களில் பலருக்கு அது சோற்றுக்கும் ரசத்துக்கும் நடுவேதான் போய்ச் சேர்ந்தது. அன்று மாலையே ஒருத்தி தன் மகளின் கைப்பேசியில் பதிவு செய்யப் பழகி, மறுவாரம் மற்றவர்களுக்கும் செய்து கொடுத்தாள்.

இனி என் வேண்டுகோள். எங்கள் வட்டாரத்தில் பல கோயில்களுக்கு அழகான மண்டபங்கள் உள்ளன; அவற்றில் சில அரசு மானியத்திலும், பல தோட்டத் தொழிலாளர்களின் சம்பளத்தில் பிடித்த காசிலும் எழுந்தவை. திருமணமும் திருவிழாவும் இல்லாத நாள்களில் அவை பூட்டிக் கிடக்கின்றன. வாரத்தில் ஒரு நாள் பெண்களுக்குத் திறந்துவிட முடியுமா என்று கோயில் ஒன்றின் பொறுப்பாளரிடம் சென்ற ஆண்டு கேட்டேன். மரியாதையாகவே பதில் சொன்னார்: “நல்ல யோசனை, டீச்சர். கைவினைப் பயிற்சி வகுப்பாக வைத்துக்கொள்வோம். ஒய்.பி.யை அழைத்துத் திறப்பு விழா வைத்து, முடிவில் சான்றிதழ் கொடுத்துவிடலாம்.” ஒய்.பி. என்றால் எங்கள் மக்கள் பிரதிநிதி. ஒய்.பி.க்குத் தேதி அமையவில்லை, மண்டபமும் திறக்கவில்லை.

அந்தப் பெரியவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எதையும் விழாவாக்கினால்தான் நடக்கும் என்று நாம் எல்லாருமே பழகிவிட்டோம். வகுப்பு என்றால் வருகைப்பதிவு வரும், பதாகை வரும், மூன்று மாதத்தில் அது முடிந்தும் போகும். சான்றிதழை வைத்துக்கொண்டு எழுபது வயதில் நாங்கள் எந்த வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறோம்? உணவையும் வெளியே சொல்லி வாங்கித் தர வேண்டாம். அரிசி அளக்கவும் வெங்காயம் உரிக்கவும் ஆள் தேவைப்படுவதால்தான் பின்னத் தெரியாத பெண்ணும் தயங்காமல் உள்ளே வருகிறாள்.

செவ்வாய்க்கிழமை ராகு காலத்தில் துர்க்கைக்கு எலுமிச்சை விளக்கேற்ற மூன்று மணிக்கு எப்படியும் பெண்கள் வருகிறார்கள். அவர்கள் காலை பத்து மணிக்கே வந்து உட்காருவதற்கு வேண்டியவை மண்டபத்தின் சாவியும் இரண்டு மேசைகளும் ஓர் அடுப்பும்தான். மின்கட்டணத்துக்கு ஆளுக்கு ஒரு வெள்ளி போட நாங்கள் தயார். தேவாலயத்து அக்காமார்களும் முதல் சில வாரங்கள் வந்து உதவுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்குச் சிவன் கண் இப்போது என்னைவிட நன்றாக வருகிறது. சாவியை எந்தக் கோயில் நிர்வாகம் தருவதானாலும், வாங்கிக்கொள்ள நானே நேரில் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்.